மூன்று பந்துகளில் முடிந்த சுற்றுப்பயண ஆட்டம்

நடுவர் பரீட்சையில் சித்தியடைந்து, வெள்ளைத் தொப்பியும் வாங்கிவிட்ட பிள்ளைகளே, முதலில் வாழ்த்துகள். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் இனி எவரும் உங்களை வாழ்த்தப்போவதில்லை.

இருபத்தாறு வருடம் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மைதானங்களில் நின்றவன் நான். கிழமை நாட்களில் கணித ஆசிரியர், சனி ஞாயிறுகளில் கிரிக்கெட் நடுவர். இரண்டு வேலையிலும் சரியான விடையைச் சொன்னால் யாராவது ஒருவருக்குப் பிடிக்காது. அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

விதிகளை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன, உங்களுக்கு என்னைவிட நன்றாகப் பாடம். காலில் பட்ட பந்து விக்கெட்டில் படுமா படாதா என்பதும் ஆயிரம் தடவை பார்க்கப் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அதை நான் ஒரு வெளிநாட்டு அணி வந்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

எந்த நாட்டு அணி என்று கேட்காதீர்கள், எந்த மைதானம் என்றும் கேட்காதீர்கள். வன்னியில் புல் முளைத்த மைதானங்களை விரல் விட்டு எண்ணலாம். வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அணி இலங்கையில் ஒரு மாதச் சுற்றுப்பயணத்துக்கு வந்திருந்தது. முக்கிய ஆட்டங்கள் எல்லாம் தெற்கில். வடக்குக்கும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று யாருக்கோ கொழும்பில் தோன்றியிருக்கிறது. வடக்கு மாவட்டங்களின் கூட்டு அணியோடு ஒரு நல்லெண்ணப் பயிற்சி ஆட்டம் என்று அறிவித்தார்கள். பெரியவர்களுக்கு வன்னியின் மேல் நல்லெண்ணம் பிறந்தால் நாங்கள் வீதியில் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்குவோம். அன்றும் அடித்தோம்.

இரண்டு நடுவர்கள். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த மூத்தவர், வெளிநாடுகளில் நின்றவர், அளந்து பேசும் சிங்களவர். மற்றவர் நான். ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் எனக்குத் தொலைபேசியில் அறிவித்தபோது காரணத்தையும் ஒளிக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளோடு தமிழில் கதைக்க ஒருவர் வேண்டும், படத்திலும் ஒரு தமிழர் நிற்கவேண்டும் என்றார். என் திறமையைப் பற்றி ஒரு சொல் சொல்லுவார் என்று கொஞ்சநேரம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வைத்துவிட்டார்.

ஆனாலும் நான் அன்றே புதுத் தொப்பி வாங்கினேன், புதுச் சப்பாத்தும் வாங்கினேன். என் மனைவி எங்கள் ஊர் நெளுக்குளத்தில் அரைவாசிப் பேருக்குச் சொல்லிவிட்டா. மீதி அரைவாசிக்கு நான் சொன்னேன்.

ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் மைதானம் பரவாயில்லை, ஆனால் ஆடுகளத்தின் ஒரு முனையில், பந்து குத்துகிற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்கு ஈரம். ஆடுகளத்தை மூட இரண்டு பெரிய தறப்பாள்கள் இருந்தன. அதில் ஒன்றைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அது பிரமுகர் பந்தலின் மேலே இருந்தது. கொழும்பிலிருந்து வரும் அமைச்சர் இருப்பதற்காகக் கொண்டுவந்த சோபாக்கள் நனைந்துவிடும் என்று, மழை தொடங்கியவுடன் செயலாளரே ஆள் விட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து எத்தனை மாதம் தறப்பாளுக்குக் கீழே சீவித்த சனம் நாங்கள். அதன் கீழே சிவப்பு வெல்வெட் சோபா இருப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஈரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். பதிந்தது. மேலே வெயில் பட்டுத் தோல் காயத் தொடங்கியிருந்தது, கீழே களி. இந்த மாதிரி இடத்தில் வேகமாகப் போடும் பந்து ஒன்று நிலத்தோடு போகும், அடுத்தது முகத்துக்கு வரும். எது எப்படி வரும் என்று பந்துக்கே தெரியாது. இதைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டில் நின்றிருக்கத் தேவையில்லை. ஒரு தரம் வயல் உழுதிருந்தால் போதும்.

கொழும்பு நடுவர் வந்து பக்கத்தில் குந்தினார். அவரும் அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த மண்ணை உங்களுக்குத்தான் தெரியும், நேரத்துக்குக் காயுமா, நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன் என்றார். இருபது வருட நடுவர் வாழ்வில் என்னிடம் அவ்வளவு மரியாதையாக எவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

செயலாளர் எங்களுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து மணிக்கு அமைச்சர் வருகிறார், வரும்போது ஆட்டம் நடந்துகொண்டிருக்கவேண்டும், வெறும் மைதானத்தைப் படம் பிடிக்க முடியாது என்று அவர் அதுவரை நாலு தரம் சொல்லியிருந்தார். வெளியே பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய பஸ்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் இரு நாட்டுக் கொடிகளையும் வைத்துக்கொண்டு வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். என் புதுத் தொப்பி தலையில் இருந்தது.

“வெயில் நல்லா இருக்கு. அரை மணித்தியாலத்திலை சரியாகிவிடும்” என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கொழும்பு நடுவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு போனார். அந்த அரை மணித்தியாலத்தில் மண் காயவில்லை. மண் எங்கள் நிகழ்ச்சி நிரலை வாசித்திருக்கவில்லை.

நாணயச் சுழற்சியில் வென்ற வெளிநாட்டு அணித்தலைவர், தாங்கள் முதலில் பந்துவீசுவதாகச் சொன்னார். ஆடுகளத்தைப் பார்த்த எந்த மனிதனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

எங்கள் அணிக்கு முதலில் துடுப்பெடுத்தாட வந்தவர்களில் ஒருவன் கோகுலன். மல்லாவிக்காரன், இருபத்திரண்டு வயது. அவனுடைய தாத்தா பாட்டி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவன் நெல்லும் செய்தான், மாடும் வளர்த்தான், மிச்ச நேரத்தில் வடக்கில் எவரும் அடிக்காத அளவுக்கு ஓட்டம் அடித்தான். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு அணித் தெரிவுக்கு வரும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த ஆட்டத்தையும் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் ஓவர். பந்துவீசும் முனையில் நான். வீசுகிறவர் என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். அவர் ஓடிவரும்போது என் புதுச் சப்பாத்துக்குக் கீழே நிலம் அதிர்ந்தது.

முதல் பந்து அந்த ஈரத்தில் குத்தி, கணுக்காலுக்குக் கீழே ஊர்ந்து போனது. கோகுலன் எப்படியோ துடுப்பை இறக்கி நிறுத்தினான். இரண்டாவது பந்து அதே இடத்தில் குத்தி, அவன் முகத்தை ஒரு சாண் தள்ளிக் கடந்து, விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால் போய் எல்லைக்கோட்டில் விழுந்தது. நாலு ஓட்டம். சனம் கைதட்டியது, பாடசாலைப் பிள்ளைகள் கொடியை ஆட்டினார்கள். நான் நாலுக்குச் சைகை காட்டினேன். கையை மிக அழகாக ஆட்டினேன் என்று பிறகு படத்தில் பார்த்தேன்.

கோகுலன் துடுப்பால் நிலத்தைத் தட்டிக்கொண்டே ஆடுகளத்தின் பாதி வரை வந்தான். தட்டுவது சும்மா ஒரு சாட்டு. எனக்குக் கேட்கிற தூரத்துக்கு வந்து, தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னான்.

“சேர், பந்து எழும்புது. அந்த இடம் இன்னும் ஈரம். பயமாக் கிடக்கு.”

மைதானத்தில் நின்ற பதினைந்து பேரில் தமிழ் விளங்கியவர்கள் மூன்று பேர். அவன், மறுமுனையில் நின்ற அவனுடைய கூட்டாளி, நான். தமிழில் கதைக்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நானும் தமிழில் கதைத்தேன்.

“விளையாடு தம்பி. சனம் பார்த்துக்கொண்டிருக்கு.”

அவன் “ஓம் சேர்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

மூன்றாவது பந்து அவன் தாடைக்கு நேரே எழும்பியது. முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கினான். பந்து அவனுடைய வலது கையைத் தலைக்கவசத்தின் கம்பியோடு வைத்து நசுக்கியது. அந்தச் சத்தத்தை நான் உங்களுக்கு விவரிக்கப்போவதில்லை. சோபாக்கள் இருந்த பக்கத்துக்கும் அது கேட்டதாகச் சொன்னார்கள். அங்கே கேட்க யாரும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

முதலில் ஓடிப்போனவர் பந்துவீச்சாளர். அந்தப் பெரிய மனிதர் முழங்காலிட்டு, கோகுலனின் கையுறையை மெல்ல மெல்லக் கழற்றினார். இரண்டு விரல்கள் போகக்கூடாத பக்கத்துக்குப் போயிருந்தன. மற்ற நடுவர் என் பக்கத்தில் வந்து நின்றார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

நான் விக்கெட்டின் மேலிருந்த கட்டைகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். “இனி விளையாட ஏலாது” என்றேன். அவர் தலையாட்டினார்.

பிறகு வந்ததுதான் எல்லோரும் சொல்லுகிற கதை. செயலாளர் மைதானத்துக்குள் ஓடிவந்தார். அமைச்சர் வந்துகொண்டிருக்கிறார், பத்து ஓவராவது விளையாடுங்கள் என்று முதலில் கெஞ்சினார். மறுமுனையிலிருந்து மட்டும் பந்துவீசலாமே என்று கிரிக்கெட்டில் இல்லாத ஒரு விதியைக் கண்டுபிடித்தார். மெதுவாகப் பந்துவீசச் சொல்லிக் கேட்கலாமே என்றார். நான் அசையவில்லை. கடைசியில் குரலை இறக்கினார்.

“மாஸ்ரர், இனி ஒரு வெளிநாட்டு ரீமும் வன்னிக்கு வராது. அதுக்கு நீங்கள்தான் காரணம் எண்டு எழுதுவன்.”

“எழுதுங்கோ. ஒரு தறப்பாளைப் பற்றியும் எழுதுங்கோ” என்றேன்.

சனம் கத்தத் தொடங்கியது. மூன்று பந்து பார்க்கவா விடிய வந்தோம் என்ற அவர்கள் கேள்வியில் ஞாயம் இருந்தது. ஒரு தண்ணீர்ப் போத்தல் என் முதுகில் பட்டது. எறிந்தவர் வேகப்பந்து வீச்சாளராக வரக்கூடியவர், குறி நல்லது.

பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. அமைச்சர் வேறு ஒரு அவசர வேலை காரணமாக வரவில்லை, ஆட்டம் சிறப்புற வாழ்த்துகிறார் என்று. அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கோகுலன் அந்நேரம் வைத்தியசாலையில் இருந்தான்.

வெளிநாட்டு வீரர்கள் வாகனத்தில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. ரப்பர் பந்துகளை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய், பாடசாலைப் பிள்ளைகளோடு மத்தியானம் வரை விளையாடினார்கள். அன்றைக்கு நடந்த ஒரேயொரு நல்லெண்ண ஆட்டம் அதுதான். அது நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்த அணியின் முகாமையாளர் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினார். வீரர்களின் பாதுகாப்புக்காக உறுதியாக நின்ற உள்ளூர் நடுவரைப் பாராட்டியிருந்தார். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் துணிச்சல்காரன். பத்திரிகையில் படம் வந்தது. ஏற்பாட்டுக் குழு ஒரு கூட்டம் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தியது. போர்த்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? செயலாளர்தான். “பாதுகாப்பே எங்கள் முதல் நோக்கம்” என்று அவர் பேசினார். பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நானும் பொன்னாடையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்த மேடையில் இரண்டு நடிகர்கள் இருந்தோம், அவருக்கு வசனம் அதிகம்.

அந்தப் பொன்னாடையை மனைவி அலுமாரியில் மடித்து வைத்தா. வைத்துவிட்டு, “அந்தப் பெடியன்ரை கை இப்ப எப்பிடி?” என்று கேட்டா. எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை மல்லாவிக்கு பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கோகுலன் முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தான், கை கட்டோடு மடியில். கொழும்புத் தெரிவு முந்தின கிழமை முடிந்துவிட்டிருந்தது. அவனுடைய அம்மா மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்தா. அவவின் பேச்சில் மலையகத்துச் சொல் இன்னும் இருந்தது.

“வாங்க சார், இருங்க. நீங்கதான் ஆட்டத்த நிப்பாட்டினவருன்னு பேப்பர்ல பாத்தோம். இல்லேன்னா புள்ள முகமே போயிருக்கும். கடவுளாட்டம் நின்னீங்க.”

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. கோகுலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் சொல்லவில்லை. தன்னிடம் நான் சொன்னதை அவன் அம்மாவுக்கும் சொல்லவில்லை, பத்திரிகைக்காரருக்கும் சொல்லவில்லை. ஆறு கிழமையாக என் மானத்தை அவன் அந்த உடைந்த கைக்குள் பொத்தி வைத்திருந்தான்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்திருக்கலாம். அதற்கு வேண்டிய எல்லா வசதியும் இருந்தது. உண்மையில் பாதித் தேத்தண்ணி வரை அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

“அம்மா, தம்பி என்னட்டை முதலே சொன்னவர்” என்றேன். “பந்து எழும்புது, பயமாக் கிடக்கு எண்டு. நான்தான் விளையாடச் சொன்னனான். காலமை நிலத்தைப் பார்த்து, விளையாடலாம் எண்டு சொன்னதும் நான்தான்.”

அம்மா என்னைப் பார்த்தா. மகனைப் பார்த்தா.

“நெசமாடா?”

“அவர்தானே பிறகு நிப்பாட்டினவர்” என்றான் கோகுலன்.

அவ என் பக்கம் திரும்பினா. குரல் உயரவில்லை.

“இத இப்ப ஏன் சார் சொல்றீங்க? ஒங்களுக்குப் பாரம் கொறையவா? கொறஞ்சா நல்லதுதான். நாலு மாடு நிக்குது. அவந்தான் கறக்கிறது. இப்ப நான் ஒருத்தியா வெடிய எழும்பிக் கறக்கிறேன், வயலுக்கும் போறேன். அதுக்கு ஒங்க பேப்பர்ல ஒண்ணும் போடலயே.”

பத்திரிகைகள், கடிதம், பொன்னாடை, மேடைப் பேச்சு எல்லாம் சேர்ந்து என்னைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருந்தாலும், சரியாக இருந்தது அந்த அம்மா சொன்னது மட்டும்தான். எனக்கு மாடு கறக்கத் தெரியாது. அதையும் சொன்னேன். “தெரியும், கையப் பாத்தாலே தெரியுது” என்றா. ஆனாலும் அன்று மத்தியானம் வரை வைக்கோல் இழுத்துப் போட்டேன், தண்ணீர் அள்ளினேன். மாடுகளுக்கு என் துணிச்சலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, அதனால் நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது. போகும்போது அம்மா ஒரு போத்தல் பால் தந்தா. மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

இதில் பாடம் என்ன என்று நீங்கள் குறிப்புப் புத்தகத்தைத் திறப்பது தெரிகிறது. ஆட்டத்தை நிறுத்தத் துணிச்சல் வேண்டும் என்று எழுதாதீர்கள். ஒருவன் கை உடைந்து கிடக்கும்போது ஆட்டத்தை நிறுத்த எந்தத் துணிச்சலும் தேவையில்லை. யாரும் நிறுத்துவார்கள். காலை ஒன்பது மணிக்கு, ஒருவருக்கும் ஒன்றும் நடக்காதபோது, எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, “ஏலாது” என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்கிறவருக்குப் பொன்னாடை கிடைக்காது. கை உடையாத பிள்ளை தன் கை உடையவில்லை என்று வந்து உங்களுக்கு நன்றி சொல்லவும் மாட்டான். வீணாக ஒரு நல்ல ஆட்டத்தைக் கெடுத்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத் தெரிந்தவர்கள் மட்டும் இந்தத் தொப்பியைப் போடுங்கள்.

எனக்கு அதன்பிறகு வெளிநாட்டு அணி ஆட்டம் ஒன்றும் தரவில்லை. துணிச்சலான நடுவரைப் பாராட்டலாம், கூப்பிடக்கூடாது என்பது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியும்.

கோகுலனின் கை கூடியது. இரண்டு விரல்கள் முழுதாக மடியாது. கொழும்பு அவனை மறுபடி கூப்பிடவில்லை. அவன் பிடியை மாற்றிக்கொண்டு கழகத்துக்கு விளையாடினான், மாடும் கறந்தான்.

ஒன்றரை வருடம் கழித்து, துணுக்காய்ப் பக்கம் ஒரு கழக இறுதியாட்டம். நான் நடுவர். பின்னேரம், வானத்தில் இரண்டு மேகம். கோகுலனின் அணிக்கு மூன்று ஓவரில் முப்பத்தெட்டு ஓட்டம் வேண்டும், கையில் ஒரு விக்கெட். வெளிச்சம் இல்லையென்று நிறுத்தினால் அடுத்த ஞாயிறு ஆட்டம் முதலிலிருந்து. கோகுலன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான்.

“சேர், வெளிச்சம் காணாது. பந்து தெரியேல்லை.”

அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மைதானம் முழுக்க எங்களைப் பார்த்தது. எனக்கும் அவனுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல்லில் பெரிய கடன் ஒன்றைத் தீர்த்துவிடலாம் போல இருந்தது.

நான் அவன் நின்று ஆடிய இடத்துக்குப் போய் நின்றேன். அங்கிருந்து பந்துவீச்சாளரின் கையைப் பார்த்தேன். அவரிடம் பந்தைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அதன் தையல் கூடத் தெரிந்தது. மற்ற நடுவரையும் கூப்பிட்டு அதே இடத்தில் நிற்கவைத்துக் கேட்டேன். சனம் ஊளையிட்டது, நாங்கள் அவசரப்படவில்லை. நாலு நிமிடமாவது போயிருக்கும்.

“வெளிச்சம் காணும் தம்பி. விளையாடலாம்” என்றேன்.

“வடிவாப் பார்த்தனீங்களோ, சேர்?”

“பார்த்தனான்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். நடுக்கட்டை பறந்தது. போகும் வழியில் என் தோளை அந்த மடியாத விரல்களால் ஒரு தரம் தட்டிவிட்டுப் போனான். எல்லைக்கோட்டைத் தாண்டியதும், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, அம்பயருக்குக் கண் தெரியாது என்று தன் அணிக்காரருக்குச் சொன்னான். அவர்கள் அதை நம்பினார்கள். இரண்டு பேர் நான் பஸ் ஏறும்வரை பின்னால் வந்து அதையே சொன்னார்கள்.